1800 ஆர்பிஎம் வந்தா போட் மொத்தமும் நடுங்குது, எங்க இருந்து தேட ஆரம்பிக்கிறது?

அலைதேடி:
எல்லாருக்கும் வணக்கம். 28 அடி ஃபைபர் போட், உள்ள 4 சிலிண்டர் டீசல், 2:1 கியர்பாக்ஸ், நேர் ஷாஃப்ட், 3 பிளேடு ப்ரொப்பல்லர். போன மாசம் கரையேத்தி அடிப்பக்கம் பெயிண்ட் அடிச்சு, கட்லஸ் பேரிங் (தண்ணிக்குள்ள ஷாஃப்ட்டைத் தாங்குற ரப்பர் பேரிங்) தேய்ஞ்சு போச்சுன்னு அதையும் மாத்தி, அப்படியே ப்ரொப்பல்லரையும் கழட்டி பாலிஷ் போட்டு மாட்டிக் கொடுத்தாங்க. தண்ணியில இறக்கினதுல இருந்து 1500 தாண்டும்போது லேசா ஆரம்பிச்சு 1800ல தரைப்பலகை எல்லாம் தடதடன்னு அடிக்குது, கிளாண்ட்ல (ஷாஃப்ட் போட்டை விட்டு வெளிய போற இடத்துல இருக்குற தண்ணி தடுப்பு) சொட்டு சொட்டா வந்த தண்ணி இப்ப சிதறுது, அதுக்கு மேல ஏத்தவே பயமா இருக்கு. முன்னாடி இப்படி இல்ல. வேலை பார்த்தவங்கள கேட்டா புது பேரிங், பழகப் பழக சரியாயிடும்னு சொல்றாங்க. இன்னொருத்தர் ப்ரொப்பல்லரே புதுசா வாங்கிடுங்கன்றார். காசு செலவு பண்றதுக்கு முன்னாடி நானா என்னென்ன பார்க்கலாம்?

பழைய டீசல்:
பழகினா சரியாகும்ன்றத நம்பாதீங்க, ஷாஃப்ட் நடுங்கி நடுங்கி அந்தப் புது பேரிங் ரப்பரைத்தான் தின்னும்.

முதல்ல என்ஜினா, ஷாஃப்ட் பக்கமான்னு பிரிங்க. கட்டிப் போட்ட நிலையிலேயே நியூட்ரல்ல 1800 வரைக்கும் மெதுவா ஏத்திப் பாருங்க. அப்பவும் அதே நடுக்கம் வந்தா என்ஜினைத் தாங்குற மவுண்ட், இன்ஜெக்டர் மாதிரி என்ஜின் பக்க சமாச்சாரம். நியூட்ரல்ல சுத்தமா இருந்து கியர் போட்டு ஓட்டும்போது மட்டும் வந்தா கப்ளிங்கில (கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் சேர்க்குற இணைப்பு) இருந்து பின்னாடி தேடுங்க.

அடுத்தது ஃபோன். வைப்ரேஷன் அளக்குற ஆப் இலவசமாவே கிடைக்குது, ஃபோனை என்ஜின் பெட்மேல டேப் போட்டு ஒட்டிட்டு 1800ல ஓட்டுங்க. உங்க கணக்கு ரொம்ப சுலபம்: 1800னா என்ஜின் நொடிக்கு 30 சுத்து. கியர்பாக்ஸ் 2:1, அதனால ஷாஃப்ட் 15 சுத்து. 3 பிளேடுன்றதால பிளேடு அடி 45. நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்குன்னா ஃபயரிங் 60. ஆப்ல எந்த நம்பர் தூக்கலா நிக்குதோ அந்த ஆள்தான் குற்றவாளி. ஒரு விஷயம், ஃபோன் நொடிக்கு 100 தடவைதான் அளக்குதுன்னா 50க்கு மேல காட்டுறதை நம்பாதீங்க.

ஸ்பேனர்17:
இவ்ளோ கணக்கெல்லாம் போடுறதுக்கு முன்னாடி கீழ இறங்கி ப்ரொப்பல்லரப் பாருங்க ப்ரோ. தூண்டில் நரம்பு, வலைத் துண்டு, பிளாஸ்டிக் கவர் ஒண்ணு ஒரு பிளேடுல சுத்தியிருந்தாலே போதும், இந்த ஆட்டம் வரும். என்ஜின் சாவியைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டு இறங்குங்க, மேல யாராவது தெரியாம ஸ்டார்ட் பண்ணிட்டா கதை முடிஞ்சுது.

அலைதேடி:
ரெண்டு பேருக்கும் நன்றி. கீழ பார்த்தாச்சு, நரம்பு கயிறு ஒண்ணும் இல்ல, பிளேடு மூணும் நல்லாத்தான் இருக்கு, மடங்கல் சிராய்ப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியல. நியூட்ரல்ல 2000 வரைக்கும் ஏத்தினேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. ஆப் கிராஃப்ல 15 கிட்ட பெரிய முள்ளு மாதிரி உயர்ந்து நிக்குது, 45ல குட்டியா ஒண்ணு, 30ல இருக்கா இல்லையான்ற மாதிரி.

கப்ளிங்காரன்:
அலைன்மெண்ட் சார் இது, என்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டுல இல்ல, சந்தேகமே வேணாம். கரையில நிக்கும்போது போட் உடம்பு ஒரு மாதிரி வளைஞ்சிருக்கும், தண்ணியில வேற மாதிரி உக்காரும். அதனால தண்ணியில ஒரு நாளாவது மிதக்க விட்டுட்டுத்தான் அலைன்மெண்ட் பார்க்கணும், டேங்க்ல டீசலும் வழக்கம்போல இருக்கணும். கப்ளிங் போல்ட்டைக் கழட்டி ரெண்டு முகத்தையும் கையால சேர்த்து வச்சு மேல, கீழ, ரெண்டு சைடுலயும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசான தகடு) விட்டுப் பாருங்க. கப்ளிங் விட்டம் ஒரு இன்ச்சுக்கு ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு வித்தியாசம்தான் கணக்கு, 4 இன்ச் கப்ளிங்னா 0.1 மிமீ. கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பாதியிலயும் கோடு போட்டு வச்சுக்கங்க, இல்லன்னா திரும்பி மாட்டும்போது துளை மாறிடும்.

பழைய டீசல்:
கப்ளிங்காரன் அண்ணே, செக் பண்ணச் சொல்றது நியாயம், ஆனா சந்தேகமே வேணாம்ன்றதுதான் இடிக்குது. அலைன்மெண்ட் கெட்டுப் போனா பெரும்பாலும் ஷாஃப்ட் வேகத்துல ரெண்டு மடங்குலயும் முள்ளு எழும்பும், இங்க அது 30. அங்க ஒண்ணும் பெருசா இல்ல. (30 என்ஜின் சுத்தோட நம்பரும்தான், 2:1 கியர்பாக்ஸ்ல இந்தக் குழப்பம் எப்பவும் உண்டு, அதுக்குத்தான் நியூட்ரல் டெஸ்ட்ட முதல்ல பண்ணச் சொன்னேன்.) 15ல மட்டும் ஓங்கி நின்னா ஏதோ ஒண்ணு ஷாஃப்ட்டோட சேர்ந்து ஒரு பக்கமா எடை இழுத்துக்கிட்டு சுத்துதுன்னு அர்த்தம். ஷாஃப்ட் பெண்டு, ப்ரொப்பல்லர் பேலன்ஸ், இல்லன்னா ப்ரொப்பல்லர் கோணலா உக்காந்திருக்கு.

கப்ளிங் கழட்டுறப்போ இதையும் சேர்த்துப் பாருங்க. ஃபீலர் கேஜ்ல கீழ இடைவெளி அதிகமா இருக்குன்னு வைங்க, இப்ப என்ஜின் பக்கத்தைத் தொடாம ஷாஃப்ட்டை மட்டும் அரை சுத்து திருப்புங்க. இடைவெளி அப்பவும் கீழயே இருந்தா என்ஜினை நகர்த்தணும். ஷாஃப்ட்டோட சேர்ந்து மேல வந்துட்டா ஷாஃப்ட் பெண்டு, இல்லன்னா கப்ளிங் முகமே சரியில்ல, அப்ப மவுண்ட் நட்டைத் திருகிக்கிட்டே இருந்தாலும் ஒண்ணும் நடக்காது. இன்னொண்ணு, போல்ட் கழண்டதும் ஷாஃப்ட் தன் எடைக்குத் தொங்கும், கையால தாங்கிப் பிடிச்சு நடுவுல வைக்காம அளந்தா பொய் நம்பர்தான் வரும்.

ஆனா எனக்கு முதல் சந்தேகம் கீ மேலதான், அதாவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட சேர்ந்து சுத்த நடுவுல வைக்குற சின்ன உலோகத் துண்டு. ப்ரொப்பல்லரைக் கழட்டி மாட்டின பிறகு வந்த ஆட்டம்ன்றீங்க. ஷாஃப்ட்ல கீ உக்கார்ற பள்ளம் முன்பக்கம் முடியுற இடத்துல நிறைய ஷாஃப்ட்ல சரிவா மேலேறும். ப்ரொப்பல்லரை உள்ள தள்ளும்போது கீயும் கூடவே முன்னாடி நகர்ந்து அந்தச் சரிவுல ஏறிடுச்சுன்னா ஹப்பை (ப்ரொப்பல்லரோட நடுப்பகுதி) ஒரு பக்கமா தூக்கிடும், டேப்பர்ல (ஷாஃப்ட்டோட கூம்பு முனை) முழுசா உக்காராது. நட்டு என்னமோ டைட்டாத்தான் இருக்கும், பார்க்குறதுக்கும் ஒண்ணும் தெரியாது. கண்டுபிடிக்க வழி: கீ இல்லாம ப்ரொப்பல்லரை டேப்பர்ல நல்லா ஏத்தி, ஹப்போட முன்விளிம்பு வர்ற இடத்துல ஷாஃப்ட்ல கோடு போடுங்க. அப்புறம் கீயோட மாட்டுங்க. அதே கோடு வரைக்கும் வந்தா கீ மேல குத்தமில்ல. வரலைன்னா அதுதான்.

நீரோட்டம்:
தலைப்புக்கு வெளியன்னு திட்டாதீங்க, ஸ்டெர்ன்டிரைவ் (என்ஜின் உள்ள, ப்ரொப்பல்லர் யூனிட் பின்னாடி வெளிய) வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா: நமக்கு கட்லஸும் இல்ல, நீள ஷாஃப்ட்டும் இல்ல. ஸ்டீரிங்கைத் திருப்பும்போது உறுமல் அதிகமானா அந்த யூனிட்டுக்குப் போற ஷாஃப்ட்ல இருக்குற கிம்பல் பேரிங்கையும் யு-ஜாயிண்ட்டையும் பாருங்க. பெல்லோஸ் (அதுகளை மூடியிருக்குற ரப்பர் உறை) கிழிஞ்சு தண்ணி உள்ள போனா ரெண்டுமே துருப்பிடிச்சுப் போயிடும்.

அலைதேடி:
கரையேத்தியாச்சு. கரையேத்துறதுக்கு முன்னாடி தண்ணியிலேயே கப்ளிங்ல பார்த்தேன், 0.1க்குள்ளதான் இருக்கு, ஷாஃப்ட்டைத் திருப்பினாலும் பெருசா மாறல. கட்லஸ்ல ஷாஃப்ட் கையால சுலபமா சுத்துது, ஆட்டம் இல்ல. அப்புறம் பென்சில் கோடு டெஸ்ட். கீ இல்லாம போட்ட கோட்டுக்கும் கீயோட வந்த இடத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 3 மிமீ! கீயோட முன்முனையில மேல்பக்கம் பளபளன்னு ஒரு நசுங்கல், ஹப் அங்கதான் உக்காந்திருக்கு. முனையை ராவி உருட்டி, ப்ரொப்பல்லர் முழுசா ஏறின பிறகு கீயைப் பின்னாடி இருந்து தட்டி விட்டேன், கோட்டுக்கே வந்துடுச்சு. ஓட்டிப் பார்த்ததுல 15ல இருந்த முள்ளு படுத்துடுச்சு, 2400 வரைக்கும் போனேன். ஆனா 45ல இருந்த குட்டி ஆள் மட்டும் அப்படியே இருக்கு, பின்னாடி தரையில ஒரு ம்ம்ம்ம்னு சத்தம். அது என்ன?

கப்ளிங்காரன்:
சரி, கீதான், ஒத்துக்கிறேன் 😄 அந்த 45ன்றது, பிளேடு ஒவ்வொண்ணும் ஹல்லுக்கு (போட்டோட அடி உடம்பு) பக்கத்துல கடக்கும்போது தண்ணி அடிக்குற அடி. பிளேடு நுனிக்கும் ஹல்லுக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு அளந்தீங்களா? ப்ரொப்பல்லர் விட்டத்துல 10ல இருந்து 15 சதவீதமாவது இருக்கணும்னு சொல்லுவாங்க, 18 இன்ச்னா 1.8 இன்ச்சுக்குக் குறைஞ்சா சத்தம் போடத்தான் செய்யும்.

அலைதேடி:
ப்ரொப்பல்லர் 17 இன்ச், இடைவெளி 1.5 இன்ச்தான் வருது. முந்தின ஓனர் பெரிய சைஸா மாட்டியிருக்கார் போல.

பழைய டீசல்:
அப்ப அது ரொம்ப நாளாவே இருந்திருக்கும், பெரிய ஆட்டம் போனதால இப்ப காதுல விழுது. புல் த்ராட்டில்ல என்ஜின் தன் மேக்ஸ் ஆர்பிஎம்முக்கு வருதான்னு ஒரு தடவை பாருங்க. வரலைன்னா ப்ரொப்பல்லர் என்ஜினுக்கே பாரம், அடுத்த தடவை கரையேத்தும்போது விட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கச் சொல்லுங்க, ரெண்டும் ஒரே வேலையில முடியும். மேக்ஸ் வந்துடுச்சுன்னா விட்டத்தைக் குறைக்குறப்போ பிட்ச்சையும் (பிளேடோட சாய்வு அளவு) சேர்த்துக் கணக்குப் பண்ணணும், அதை ப்ரொப்பல்லர் ரிப்பேர் பண்றவங்ககிட்ட கேட்டுட்டுச் செய்ங்க.