‘ரீமாடலிங்’: மறுவடிவமைப்பா, உருத்திரிபா?

வணக்கம்.

மாரடைப்புக்குப் பின் இதயத்தின் வடிவம் மாறுவதை ஆங்கிலத்தில் ‘ரீமாடலிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் அகராதிக் குழுவில் ஐயா தந்த ‘மறுவடிவமைப்பு’ எனக்கு ஒப்பவில்லை. வீட்டையோ வலைத்தளத்தையோ மறுவடிவமைத்தால் முன்னைவிட நன்றாக வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே நடப்பது நேர் எதிர்.

ரத்தம் கிடைக்காமல் செத்த தசையின் இடத்தில் சில வாரங்களில் தழும்பு விழுகிறது. தழும்பு சுருங்கி ரத்தத்தைத் தள்ளாது, பளு முழுக்க மீதித் தசைமேல் ஏறுகிறது. உடலில் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் கூடுகிறது. அது செல்லின் மேலுள்ள ஏற்பியில் போய் ஒட்டியதும், சேதி உள்ளே புரதம் புரதமாகக் கைமாறி உட்கருவுக்குப் போய், ‘வளர்’ என்ற கட்டளையாகிறது. தசைச் செல்கள் பருக்கின்றன. அடிபடாத பகுதியிலும் கொலாஜன் நார் சேர்கிறது. கூம்பு போல இருந்த இடது கீழறை மெல்ல மெல்ல விரிந்து பந்து போல ஆகிவிடுகிறது.

இதற்கு ‘உருத்திரிபு’ என்பது என் பரிந்துரை. நன்னூலின் தோன்றல், திரிதல், கெடுதல் நினைவிருக்கும். செத்த தசை கெடுதல், தழும்பு தோன்றல், அறையின் வடிவம் திரிதல். மூன்றும் விகாரமே, ஆனால் மருத்துவர் எக்கோவில் (இதய ஸ்கேனில்) கண்டு கவலைப்படுவது மூன்றாவதைத்தான்.

இயற்பியலில் ‘ஸ்ட்ரெயின்’ ஏற்கெனவே திரிபுதானே, கொரோனாவுக்கும் அதையே சொன்னோமே என்று குழுவில் அக்கா கேட்டது நியாயம். எக்கோவிலும் ஸ்ட்ரெயின் (இதயத் தசை எவ்வளவு சுருங்கி நீள்கிறது என்பது) அளக்கிறார்கள், குழப்பம் வரும். அதனால் ‘உரு’வை எங்கும் விடாமல் எழுத வேண்டும். ‘உருமாற்றம்’ தலைப்பிரட்டை தவளையாவதற்குப் போய்விட்டது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் அப்பா. மாரடைப்பிலிருந்து மீண்டு வீட்டுக்கு வந்தபோது ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் ரேமிப்ரில் மாத்திரையை எழுதித் தந்திருந்தார்கள். “எனக்குத்தான் பிரஷரே இல்லையே” என்று இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டார். அது ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைக் குறைத்து இதயத்தின் வடிவத்தைக் காக்கிற மாத்திரை என்று எடுத்துச் சொல்ல எங்களிடம் சொல் இல்லை. அதே வகை மருந்தான கேப்டோபிரிலை, மாரடைப்பில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்த 2,231 பேரிடம் சோதித்த ‘சேவ்’ ஆய்வு 1992-இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களில் 20 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 25 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். நூற்றுக்கு ஐந்து உயிர்!

சரி, அடுத்தது. மருந்தால் விரிந்த அறை ஓரளவு பழைய அளவுக்குத் திரும்பினால் ‘ரிவர்ஸ் ரீமாடலிங்’ என்கிறார்கள். ‘எதிர் உருத்திரிபு’ என்றால் இன்னொரு கேடு போலக் கேட்கிறது. ‘உருமீட்சி’ என்று வைக்கலாமா? இதைவிடப் பொருந்தும் சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். அகராதிப் பதிவை அதற்கப்புறம் எழுதுகிறேன்.