வாயில் நுழைகிற தமிழ்ச் சொற்களைப் பைத்தான் நிரல்மொழியில் உருவாக்க வழி உண்டா?

வணக்கம். ஒரு படிவத்தைச் சோதிக்கப் பொய்யான தமிழ்ப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் தேவை. யூனிகோட் (கணினி எழுத்துக்குறிகள்) அட்டவணையிலிருந்து குறிகளை மனம்போனபடி எடுக்கச் சொன்னால், கொம்பும் காலும் புள்ளிகளாலான வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்கின்றன. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. பைத்தானின் கணக்கில் ஐந்து; 'மி'யின் கொக்கியும் 'ழ்'இன் புள்ளியும் அதற்குத் தனிக்குறிகள். கோளாறு அங்கேதான்.

247 எழுத்துகளையும் பட்டியலாக்கி அதிலிருந்து எடுத்தேன். வட்டம் ஒழிந்தது, இப்போது 'ழ்ணுங்றௌ' என்று வருகிறது. (தொல்காப்பியர் மன்னிப்பாராக!)

மொழிமுதல் (சொல்லின் முதலில் எது வரலாம்), மெய்ம்மயக்க (எந்த மெய்யை அடுத்து எது வரலாம்) விதிகளை நிரலில் எழுதுவதா? அல்லது ஒரு பெயர்ப்பட்டியலில் எந்த எழுத்தை அடுத்து எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த விகிதத்தில் கோப்பதா? இரண்டாவதுதான் எளிது என்று தோன்றுகிறது. செய்து பார்த்தவர்கள், சொல்லை எந்த இடத்தில் முடிப்பது என்று எப்படித் தீர்மானித்தீர்கள்? நிரலை மறுபடி ஓட்டினாலும் அதே பெயர்கள் வர வேண்டும்.