ப்ரொமேலா மாடல்ல இருந்து ஜெனரேட் பண்ண கோடு எல்லா பாக்கெட்டையும் ரெண்டு தடவ அனுப்புது, ஏன்?

கேள்வி

வணக்கம் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஆர்எஃப்சி 783ங்கிற இன்டர்நெட் ஸ்பெக்ல இருக்கிற டிஎஃப்டிபிய (ஃபைல் அனுப்புற சிம்பிளான புரோட்டோகால், 1981ல வந்த பழசுதான்) ப்ரொமேலாங்கிற மாடல் மொழியில எழுதி, மாடல்ல எல்லா வழியையும் செக் பண்ற ஸ்பின் டூல்ல ஓட்டினேன், பாக்கெட் தொலையறதையும் மாடல்ல சேத்தாச்சு, டெட்லாக் (எல்லாரும் ஒருத்தருக்காக ஒருத்தர் காத்து நிக்கிறது) இல்ல, அசெர்ஷன் (எப்பவும் உண்மையா இருக்கணும்னு நான் போட்ட கண்டிஷன்) எல்லாம் பாஸ். அப்புறம் அந்த மாடல படிச்சு பைத்தான் கோடு துப்புற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், மாடல்ல மெசேஜ் போற சேனல் எல்லாம் நெட்வொர்க்ல பாக்கெட் அனுப்புற யுடிபி சாக்கெட்டா மாறிடும். ஒரே லேப்டாப்ல ஓட்டினா ஜோரா போகுது. ஹாஸ்டல் வைஃபைல ரெண்டு மெஷின் நடுவுல ஓட்டினா கொஞ்ச நேரம் நல்லா போயிட்டு திடீர்னு ஒவ்வொரு 512 பைட் பிளாக்கும் ரெண்டு ரெண்டா போக ஆரம்பிக்குது, ஃபைல் முடியற வரைக்கும் அதே கதைதான். ஆனா ஃபைல் கரெக்டா வந்து சேருது! தப்பு ஸ்கிரிப்ட்லயா மாடல்லயா?

பதில் 1

ரெண்டுலயும் இல்ல தம்பி, புரோட்டோகால்லயே இருக்கு 😀 இது பேர் போன பக், சார்சரர்ஸ் அப்ரெண்டிஸ் சிண்ட்ரோம்னு சொல்லுவாங்க. ஒரு ஏசிகே (பிளாக் வந்துடுச்சுன்னு வாங்குறவன் அனுப்புற பதில்) லேட்டா வருதுன்னு வை, அனுப்புறவன் தொலஞ்சுபோச்சுன்னு நெனச்சு அதே பிளாக்க மறுபடி அனுப்புவான், வாங்குறவன் ரெண்டுக்கும் ஏசிகே போடுவான், மொத ஏசிகேக்கு அடுத்த பிளாக் போகும், ரெண்டாவது டூப்ளிகேட் ஏசிகேக்கு அதே பிளாக் இன்னொரு தடவ போகும், அதுக்கும் ரெண்டு ஏசிகே... அவ்ளோதான், ஒருதடவ ஆரம்பிச்சா நிக்காது. டூப்ளிகேட் ஏசிகே வந்தா டேட்டாவ திரும்ப அனுப்பாதே, டைமர் அடிச்சா மட்டும் அனுப்புன்னு 1989ல ஆர்எஃப்சி 1123 திருத்திச்சு, 1992ல வந்த 1350லயும் அது சேந்துடுச்சு. நீ எடுத்தது அதுக்கு முந்துன ஸ்பெக்.

கேட்டவர்

ஓ! அப்போ ஸ்பின் ஏண்ணா இத புடிக்கல?

பதில் 1

டைம்அவுட்னு எழுதியிருப்பியே, அது கடிகாரம் இல்ல. மொத்த சிஸ்டத்துல வேற யாராலயும் ஒரு அடி கூட நகர முடியலன்னாதான் ப்ரொமேலால அது உண்மையாகும். ஏசிகே சேனல்ல வந்துட்டு இருக்கும்போது அத வாங்குற வழி தொறந்தே இருக்கே, டைம்அவுட் எப்படி அடிக்கும்? பாக்கெட் நிஜமாவே தொலஞ்சாதான் அடிக்கும், அப்போ டூப்ளிகேட் ஏசிகேவே பொறக்காது. உன் பைத்தான்ல அது நெசமான டைமர், அவசரப்பட்டு அடிக்கும். மாடல்ல அந்த டைம்அவுட் இடத்துல எப்பவும் எடுக்கலாம்ங்கிற மாதிரி ஒரு வழி வச்சு மறுபடி செக் பண்ணு. இன்னொண்ணு, உன் அசெர்ஷன் ஃபைல் சரியா வந்துச்சான்னுதான் பாக்குது, அது பாஸ் ஆகத்தான் செய்யும். டைமர் ஒரே ஒரு தடவ அவசரமா அடிக்கட்டும், பாக்கெட் தொலையறத நிறுத்திடு, அதுக்கப்புறம் எந்த பிளாக்கும் ரெண்டாவது தடவ போகக்கூடாதுன்னு அசெர்ட் போடு.

பதில் 2

நான் டெலிகாம்ல எஸ்டிஎல்ங்கிற ஸ்பெக் எழுதுற மொழி வச்சு சி கோடு ஜெனரேட் பண்ணி பொழப்பு ஓட்டினவன். அங்க டைமர் மொழிக்குள்ளேயே இருக்கு, நேரம் முடிஞ்சா அதுவும் ஒரு சிக்னலா அதே இன்புட் க்யூல வந்து நிக்கும், அதனால இந்த மாதிரி ஆட்டம் கொஞ்சம் கம்மி. ஆனா அங்க வேற வில்லன் இருக்கான், இப்ப இருக்கிற ஸ்டேட்ல எதிர்பார்க்காத சிக்னல் வந்தா, சேவ் (அத பின்னாடிக்கு வச்சுக்கோன்னு சொல்றது) போடலன்னா சத்தமில்லாம தூக்கி போட்டுடும். ஒரு சிக்னல் எங்க போச்சுன்னு ரெண்டு நாள் தேடியிருக்கேன், கோடுல தப்பே இல்ல, ஸ்பெக் சொன்னத அப்படியே செஞ்சிருக்கு. ஜெனரேட்டர திட்டறதுக்கு முன்னாடி அந்த மொழியில ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன அர்த்தம்னு பாருங்கப்பா.

கேட்டவர்

மாத்தி ஓட்டினேன், ஸ்பின் ஒடனே எர்ரர் டிரெயில் (தப்பு எந்த வழியா வந்துச்சுங்கிற வரிசை) குடுத்துச்சு, பாக்கெட் பாக்கற வயர்ஷார்க் டூல்ல பாத்த அதே வரிசை!! டூப்ளிகேட் ஏசிகேக்கு அனுப்புறத எடுத்ததும் வைஃபைலயும் ஒழுங்கா போகுது, நன்றிண்ணா. இன்னொரு டவுட், ப்ரொமேலா இஃப்ல ரெண்டு கார்டும் (ஒவ்வொரு வழிக்கும் முன்னாடி இருக்கிற கண்டிஷன்) உண்மையா இருந்தா என் ஸ்கிரிப்ட் எப்பவும் மொதல்ல இருக்கிறதத்தான் எடுக்குது, பரவாயில்லயா?

பதில் 1

ஸ்பின் எல்லா வழியையும் பாத்தாச்சு, நீ அதுல ஒண்ண எடுக்கிற, அதனால அசெர்ஷன் ஒடையாது. ஆனா மொத கார்டு எப்பவும் உண்மையாவே இருந்தா ரெண்டாவதுக்கு சான்ஸே வராது, டைமர் அதுல மாட்டியிருந்தா போச்சு. ராண்டமா எடுக்கற மாதிரி மாத்திடு.