மீன்ஸ் டெஸ்டிங்: ‘வருமானப் பரிசோதனை’ வேண்டாமே

சிங்கப்பூரில் ஒருவரின் பண வசதியைப் பார்த்து மருத்துவ மானியம் எவ்வளவு என்று முடிவு செய்வதை ‘மீன்ஸ் டெஸ்டிங்’ என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடும்போது, இங்கே ஒரு அக்கா எழுதியது:

> ‘வருமானப் பரிசோதனை’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரியும்.

அக்கா, புரியும்தான். ஆனால் வேறு மாதிரிப் புரியும்.

போன வருடம் என் பெரியப்பாவுக்கு முழங்கால் அறுவைக்கு நாள் குறித்தார்கள். யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்த தாளில் ‘வருமானப் பரிசோதனைக்குப் பிறகே மானியம்’ என்றிருந்தது. மனிதர் காப்பிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு கவுண்டரில் போய் நின்றார். மருத்துவமனையில் பரிசோதனை என்றால் ரத்தமோ சிறுநீரோதானே? சரி, ‘பரி’யை எடுத்துவிட்டு ‘வருமானச் சோதனை’ என்று வைத்தால் இன்னும் மோசம். தமிழ்நாட்டுச் செய்தி பார்ப்பவர்களுக்கு அதிகாரிகள் வீடு புகுந்து பீரோவைத் திறப்பதுதான் கண்முன் வரும்.

என் பெரிய சண்டை சொல்லின் முதல் பாதியோடு, அதாவது ‘வருமானம்’ என்பதோடு. 2009 ஜனவரியில் பொது மருத்துவமனைகளில் மானியம் கூடுதலாகக் கிடைக்கும் பி2, சி வகுப்பு வார்டுகளுக்கு இந்த முறை வந்தபோது, சம்பளக்காரருக்குச் சம்பளத்தைப் பார்த்தார்கள். மாதம் 3,200 வெள்ளி வரை என்றால் சி வகுப்பில் 80 விழுக்காடு மானியம். 5,200க்கு மேல் போனால் 65. நடுவில் படிப்படியாகக் குறையும். (ஒரே வெட்டாக வைத்திருந்தால், பத்து வெள்ளி சம்பளம் கூடியவர் மொத்தமாக மானியத்தில் அடிவாங்குவார். எனக்கு ஓவர்டைமே வேண்டாம் என்பார்.) சம்பளமே இல்லாதவருக்கு? அங்கே வீட்டின் ஆண்டு மதிப்பு வருகிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு. விடாமல் நாமே குடியிருந்தாலும் கணக்கு கணக்குதான். இப்போது குடும்ப வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கிறார்கள். வருமானமே இல்லாத குடும்பத்துக்கு இன்றும் ஆண்டு மதிப்புதான்.

பெரியப்பா இருப்பது அந்தக் காலத்தில் சல்லிசாக வாங்கிய தரைவீட்டில். கையில் காசில்லை, தலைக்கு மேலே இருக்கும் கூரைக்குத்தான் விலை. “எனக்கு வருமானமே இல்லையே, அப்புறம் என்ன வருமானப் பரிசோதனை, ஏன் மானியம் குறைகிறது?” என்று கேட்டார். கவுண்டர் பெண்ணிடம் பதில் இல்லை. தப்பு அவள்மீது இல்லை. தாளில் இருந்த சொல் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இங்கே மற்றவர்கள் சொன்ன இரண்டு சொற்கள்: ‘தாங்குதிறன் ஆய்வு’ பொருளில் சரி, ஆனால் பாலத்துக்குச் செய்வது போலிருக்கிறது. ‘வசதி ஆய்வு’ என்றால் கட்டடத்தில் லிஃப்ட், கழிவறை இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள் என்று நினைப்பார்கள்.

நான் ‘வசதிநிலை மதிப்பீடு’ என்கிறேன். பெண் பார்க்கப் போகிற இடத்தில் ‘வசதியான குடும்பம்’ என்றால் சம்பளம், வீடு, நகை எல்லாவற்றையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? ‘நிலை’யை ஒட்டிவிட்டால் லிஃப்டும் கழிவறையும் விலகிக்கொள்ளும்.

ஆனால் அடைமொழியில்தான் மாட்டிக்கொண்டேன். ‘மீன்ஸ் டெஸ்டட்’ மானியத்தை ‘வசதிநிலை மானியம்’ என்று சுருக்கினால், வசதியானவர்களுக்குக் கொடுக்கும் மானியம் என்று தலைகீழாகப் படிக்கிறது. ‘வசதிக்கேற்ற மானியம்’ என்றாலும் வசதி கூடக் கூட மானியமும் கூடும் போலிருக்கிறது. இப்போதைக்கு வரைவில் ‘வசதிநிலை பார்த்துத் தரும் மானியம்’ என்று ரயில் நீளத்துக்கு வைத்திருக்கிறேன். புதிய தாள் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது, யாருக்காவது குட்டியாக ஒன்று தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.