டெஸ்ட் எடுக்க வந்தவர் நம்பிச் சொன்னதைப் பெண் வீட்டில் சொல்லலாமா?

மண்டபம்_லேப்_அக்கா

மண்டபம் பக்கம் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆள் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

விசைப்படகில் போகும் ஒரு தம்பி எச்.ஐ.வி. டெஸ்டுக்கு வந்தார். ரத்தம் எடுக்கும்போது, "அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். ஆண்களோடுதான் அவருக்குப் பழக்கம். வெளியூர்த் துறைமுகங்களில் தங்கும்போது சில தடவை ஆணுறை இல்லாமல் நடந்திருக்கிறது, கடைசியாக இரண்டு வாரத்துக்கு முன்னால். ரிசல்ட் நெகட்டிவ். தை மாதம் அவருக்குக் கல்யாணம்.

அவர் பேசியது எங்கள் முதலாளி காதில் விழுந்துவிட்டது. அவருக்குப் பெண்ணின் அப்பாவைத் தெரியும். "அந்தப் பொண்ணு வாழ்க்கையை நாம காப்பாத்தணும், சொல்லிடுவோம். இது எப்படியும் போலீஸ் கேஸ்தானே, அவன் என்ன பண்ண முடியும்" என்கிறார். இரண்டு நாள் பொறுங்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? நான் என்ன செய்ய வேண்டும்?

ராம்நாடு_வக்கீல்

முதலில் அந்த "போலீஸ் கேஸ்" பேச்சை முடித்துவிடலாம். ஆணும் ஆணும் உறவு வைப்பதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு 1860-இல் வெள்ளைக்காரன் எழுதியது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது, 2013-இல் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. கடைசியாக 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் இருப்பது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. உங்கள் முதலாளி பழைய செய்தியை வைத்துக்கொண்டு பேசுகிறார். தமிழ்நாட்டில் 2022-இல் போலீஸ் நடத்தை விதிகளையே திருத்தி, இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள்.

உண்மையில் சட்டத்தில் சிக்கப் போவது முதலாளிதான். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், 8-ஆவது பிரிவு: ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை மட்டுமல்ல, அவர் நம்பிச் சொன்ன வேறு அந்தரங்கத் தகவலையும் அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. அந்தச் சம்மதத்தையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, டெஸ்டுக்கு முன்னும் பின்னும் அவருக்கு ஆலோசனை கொடுத்தீர்களா? அதே சட்டத்தில் அதுவும் கட்டாயம்.

தொண்டி_மெஹர்

வக்கீல் சார், சட்டம் சரி. ஆனால் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பிரசவத்துக்குப் போன இடத்தில்தான் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைத் தெரிந்துகொண்டாள். புருஷனுக்கு வருஷக்கணக்கில் தெரிந்திருக்கிறது, அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, இவளிடம் மட்டும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ரகசியம் ரகசியம் என்று எல்லோரும் அவரைக் காப்பாற்றினார்கள், இவளை யார் காப்பாற்றினார்கள்? ஆம்பளை பொம்பளை விவகாரத்துக்கு நான் வரவில்லை, அது அவரவர் விருப்பம். தெரியாமல் கழுத்தை நீட்டப் போகிறவளுக்கு என்ன வழி என்று சொல்லுங்கள்.

ராம்நாடு_வக்கீல்

மெஹர், உங்கள் கேள்வி நியாயமானது. அதை யோசித்துத்தான் அதே சட்டத்தில் 9-ஆவது பிரிவு வைத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. இருப்பவரின் துணைக்கு நிஜமாகவே ஆபத்து இருந்து, நீயே சொல்லிவிடு என்று ஆலோசனை கொடுத்தும் அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தால், "நான் சொல்லப் போகிறேன்" என்று அவரிடம் அறிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ அந்தத் துணையிடம் நேரில் சொல்லலாம். உங்கள் உறவுக்காரப் பெண் விஷயத்தில் அந்த வழி பொருந்தியிருக்கும். இங்கே பொருந்தாது, ஏனென்றால் இந்தத் தம்பிக்கு ரிசல்ட் நெகட்டிவ். பாசிட்டிவாகவே இருந்தாலும் லேப் முதலாளி போய்ப் பெண்ணின் அப்பாவிடம் சொல்ல அதில் இடமே இல்லை.

1998-இல் உச்ச நீதிமன்றம், மணமகனுக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஆஸ்பத்திரி வெளியிட்டது தவறில்லை என்று சொன்னது. சிலர் அதை எடுத்துக் காட்டுவார்கள். அது இந்தச் சட்டத்துக்கு முன்னால் வந்த தீர்ப்பு, அங்கே நோயும் உறுதியாகியிருந்தது.

நம்பிக்கை_மையம்_முன்னாள்

எச்.ஐ.வி. டெஸ்டும் ஆலோசனையும் கொடுக்கும் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவன் நான். நீங்கள் எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள், எனக்கு அந்த "நெகட்டிவ்" பெரிய கவலையாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒட்டியிருந்தால் இப்போது டெஸ்டில் தெரியாமலே போகலாம். ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று என்று திரும்ப எடுக்க வேண்டும். மேகநோய்க்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் அதற்கெல்லாம் கேட்டிருக்க மாட்டார். அதுவரை எல்லோரோடும் ஆணுறை. இனிமேல் இப்படி நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிடும் மருந்து இருக்கிறது என்பதும், முன்கூட்டியே தடுக்கும் மாத்திரை இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், அல்லது 1097 எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள், காசு கிடையாது.

முதலாளி பெண் வீட்டில் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் அந்தப் பேச்சு போக ஒரு நாள் போதும். அப்புறம் அந்தக் கரையில் எந்தப் பையனும் டெஸ்ட் எடுக்க வர மாட்டான், வந்தாலும் உண்மையைச் சொல்ல மாட்டான். அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் சேர்த்துத்தான் அந்த ஆபத்து. மெஹர் அக்காவின் உறவுக்காரப் பெண்ணைப் போல இன்னும் எத்தனை பேரை உருவாக்குவோம்?

கீழக்கரை_குவைத்

நானும் ஆண்களை விரும்புகிறவன்தான். வீட்டில் தெரிந்ததும் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள், அவர் "குணப்படுத்திடலாம், கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரி "சிகிச்சை" தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் அறிவித்துவிட்டது, சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கினால் வந்தது அது. நான் இப்போது இருக்கும் குவைத்தில் இதற்கு 7 ஆண்டு வரை ஜெயில். மலேசியாவில் 20 ஆண்டு வரை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இன்னும் குற்றம்தான். நம்ம கரையிலிருந்து போகிறவர்கள் பாதிப்பேர் இந்த நாடுகளுக்குத்தான் போகிறோம், அந்தப் பயத்தையும் கூடவே ஊருக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அக்கா, அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்தக் கல்யாணத்தில் அவருக்கு இஷ்டமா? என்னிடம் அதை யாருமே கேட்கவில்லை.

மண்டபம்_லேப்_அக்கா

எல்லோருக்கும் நன்றி. 8-ஆவது பிரிவை அச்சடித்து முதலாளி மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, சொல்ல மாட்டேன் என்றார், ஆனால் முகம் சரியில்லை. தம்பியிடம் பேசினேன். கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லையாம். ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டார், ஆனால் தனியாகப் போகப் பயப்படுகிறார். நான் கூடப் போவது முறையா?

நம்பிக்கை_மையம்_முன்னாள்

அவர் கேட்டால் தாராளமாகப் போங்கள், வாசல் வரைக்கும். உள்ளே ஆலோசகரோடு அவர் தனியாகப் பேசட்டும். கல்யாண விஷயத்தையும் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள், வீட்டில் எப்படிப் பேசுவது என்றும் ஆலோசகரோடு யோசிக்கலாம். அதையும் மீறிக் கல்யாணம் நடக்கத்தான் போகிறது என்றால், அதற்கு முன் இருவருமே டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணிடம் அவரே கேட்கட்டும். மூன்று மாத டெஸ்ட் தேதியை இப்போதே குறித்துக் கொடுங்கள், அது தைக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கல்யாணத் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லி அவரே வீட்டில் பேச வேண்டியிருக்கும்.