பீட் என்பதற்கு 'மணி' வேண்டாம், 'வாய்க்கட்டு' வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இறுக்கமான சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றும் கருவியான பீட் ஜாக்குக்கு 'மணித்தூக்கி' என்ற சொல், சைக்கிள் கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் வந்திருக்கிறது; ஆங்கிலத்தில் பீட் (bead) என்றால் மணி என்பதால் வந்த சொல் அது. சைக்கிளில் மணி என்றால் கைப்பிடியில் இருக்கும் பெல்தான். ஹட்டனில் ஒரு கடையில் போய் மணித்தூக்கி கேட்டால் பெல் தட்டைத்தான் காட்டுவார்கள். கருவிக்குப் பெயர் தேடுமுன் பீட்டுக்கே ஒரு பெயர் வேண்டும்.

பீட் என்பது டயரின் உள்ஓரத்தில் ஓடும் வளையம். சாதாரண டயரில் அது உருக்குக் கம்பி; மடித்து வைக்கக்கூடிய டயரில் கெவ்லார் போன்ற இழை. ஆகவே 'கம்பி' என்பது பாதிக்குத்தான் பொருந்தும். 'விளிம்பு' ரிம்மின் விளிம்போடு குழம்பும். கம்பியோ இழையோ, அதன் வேலை நீளாமல் இருப்பது. நீண்டுகொடுத்தால் காற்றடித்ததும் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

கூடை முடைகிறவர்கள் கடைசியில் வாயைச் சுற்றி வரிந்து கட்டுவார்கள். கூடையின் உடம்பு வளைந்துகொடுக்கும், வாய் கொடுக்காது. கொழுந்துக் கூடையைப் பார்த்து வளர்ந்த எனக்கு டயரைக் கையில் எடுத்தால் அதுதான் நினைவுக்கு வருகிறது. அதனால் 'வாய்க்கட்டு' என்கிறேன். பத்தியத்துக்கும் அந்தச் சொல் உண்டு. இருக்கட்டும், டயர்ப் பேச்சில் அது குறுக்கே வராது.

இதற்காக நான் வாதாடக் காரணம் உண்டு. போன மழைக்காலத்தில் நுவரெலியாவில் ஒரு புது டயர் மாட்டினேன். குளிரில் ரப்பர் விறைத்திருந்தது. டயரை இழுத்துப் பெரிதாக்கினால் ஏறிவிடும் என்று நினைத்து இரும்பு லீவரால் நெம்பினேன். இரண்டு டியூப் கிழிந்தது. நீளாத ஒன்றை நீட்டப் பார்த்திருக்கிறேன். 'கட்டு' என்று பெயரிலேயே இருந்திருந்தால் அப்படி இழுக்கத் தோன்றியிருக்காது.

தளர்வு டயரில் இல்லை, ரிம்மின் நடுப்பள்ளத்தில் இருக்கிறது. பள்ளம் வாய்க்கட்டு உட்காரும் இடத்தைவிட 3 மில்லிமீட்டர் ஆழம் என்றால், சுற்றளவில் 2 × 3.14 × 3, கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் மிச்சமாகும். வாய்க்கட்டைச் சுற்றிலும் பிதுக்கிப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்தால் அந்த மிச்சம் முழுவதும் கடைசி இடத்தில் வந்து சேரும். அந்தக் கடைசி இடம் வால்வுப் பக்கமாக இருக்கவேண்டும். வால்வின் அடி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், அங்கே தொடங்கினால் வாய்க்கட்டு கீழே இறங்காது. ஆகவே எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்திவிடுங்கள், டியூப் சிக்கியிருந்தால் விடுபடும்.

அப்படியும் ஏறாவிட்டால்தான் கருவி. அது அதே இடத்தில் ரிம்மின் மறுபக்க விளிம்பில் ஊன்றி, கொக்கியால் வாய்க்கட்டைப் பிடித்து மேலே ஏற்றிவிடும். லீவர் மாதிரி உள்ளே நுழையாததால் டியூப் நசுங்காது. அது செய்வது ஏற்றுவது, தூக்குவது அல்ல. எனவே 'கட்டேற்றி'. கழற்றப் பயன்படும் லீவருக்கு 'நெம்பு' போதும்.

டியூப் இல்லாத டயருக்கான ரிம்மில், பள்ளத்துக்கு இருபுறமும் வாய்க்கட்டு ஏறி உட்காரும் மேடை ஒன்று இருக்கிறதே, அதற்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. 'திண்ணை' சரிவருமா?