மாதுளையில் தொங்கும் சுள்ளிக்கட்டு: இது புழுவா? படம் எடுப்பது எப்படி?

கேட்பவர் (காரைக்குடி):
பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டுப் பின்கட்டைத் தாண்டினால் கிணற்றடி, அதை ஒட்டி ஒரு மாதுளை. பொங்கலுக்குப் போனபோது அதில் சின்னச் சின்னச் சுள்ளிக்கட்டுகள் தொங்கின. ஏதோ குப்பை ஒட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஒன்று ஒரு சாண் தள்ளி வேறு கிளையில் இருக்கிறது! இலையெல்லாம் ஓட்டை. போனில் 20 படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் பின்னால் இருக்கும் சுவர்தான் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

பதில் (தேவகோட்டை):
பைப்புழு. ஒருவகை அந்துப்பூச்சியின் புழு. வாயிலிருந்து வரும் பட்டுநூலால் குச்சிகளைக் கோத்துக் கூடு கட்டி, அதைச் சுமந்தபடியே மேயும். நாம் கிட்டே போனால் தலையை இழுத்துக்கொண்டு கூட்டின் வாயை மூடிவிடும். பெண்ணுக்குப் பெரும்பாலும் இறக்கை கிடையாது. கூட்டுக்குள்ளேயே இருந்து முட்டையிடும். அதனால் குஞ்சு பொரிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். மருந்து அடித்தால் கூடு காத்துக்கொள்ளும். கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் சரி. பிய்த்து இழுக்காதீர்கள், கிளையைச் சுற்றியிருக்கும் நூலைக் கத்தரியால் வெட்டுங்கள். அந்த நூல் அப்படியே கிடந்தால் கிளை பருக்கும்போது இறுக்கும்.

பதில் (கானாடுகாத்தான்):
படத்துக்கு வெயில் ஏறும் முன் போங்கள், காற்று குறைவாக இருக்கும். கூட்டுக்குப் பின்னால் ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கட்டும், போன் சுவரைத் தேடாது. திரையில் கூட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். அப்புறம் அசையாமல் நிற்க வேண்டும். புழு எப்போது தலை நீட்டும் என்பது அதன் இஷ்டம்.

கேட்பவர்:
வேட்டி யோசனை பலித்தது! கால் மணி நேரம் நின்றேன். கூட்டின் மேல்வாய் மெல்ல விரிந்து, பழுப்புத் தலையும் ஆறு கால்களும் வெளியே வந்தன. இலை விளிம்பைக் கவ்வி, கூட்டையே ஒரு உலுக்கு உலுக்கி இழுத்தது. மொத்தம் 14 கூடுகளை வெட்டி எடுத்தோம். ஒன்றின் அடியில் மட்டும் காய்ந்த தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அது என்ன?

பதில் (தேவகோட்டை):
ஆண் பூச்சி பறந்துபோன கூடு. அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்தில்லை.

கேட்பவர்:
சரி. உயிருள்ள ஒன்றையும் வாயில் வலை கட்டிய பாட்டிலில் விட்டு வைத்திருக்கிறேன். தினம் இரண்டு மாதுளை இலை. அப்பத்தாவுக்குத் தெரியாது.